மிட்டாய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஏன் ஒரு மனிதரின் பெயர்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சிகாகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் என்னை அங்குள்ள பெரிய கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். ஓர் அறையின் மூலையில் வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்கள் குவிந்து கிடந்தன. வருகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள், காவலர் தடுக்கவில்லை. சுவரில் இருந்த குறிப்பில் ராஸ் என்பவரின் பெயரும் எய்ட்ஸ் நோயும் சொல்லப்பட்டிருந்தன. “இதைச் செய்தவர் கியூபாவில் பிறந்தவர், தன்பாலீர்ப்பாளர், ராஸ் அவருடைய துணைவர்” என்று மகள் சொன்னாள். மிட்டாயைப் பார்க்க வந்த எனக்கு இதெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்? யார் யாரை நேசித்தார்கள் என்பது அவரவர் சொந்த விஷயம் அல்லவா? லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட தன்பாலீர்ப்பு ஆண்களின் கலை என்று தனியாகவே ஒன்று இருக்கிறது என்கிறாள் மகள். கலையை இப்படிப் பிரித்துப் பார்ப்பது சரியா? குற்றமாகச் சொல்லவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் பார்த்தது ஓர் உருவப்படம். அதில் முகம் இல்லை, அவ்வளவுதான். ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-தோரெஸ் 1991இல் அதை உருவாக்கினார். ‘தலைப்பில்லாதது’ என்று பெயர் வைத்து, அடைப்புக்குறிக்குள் ‘லாஸ் ஏஞ்சலிஸில் ராஸின் உருவப்படம்’ என்று சேர்த்தார். குவியலின் எடை 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ இருப்பது நல்லது என்று குறித்தும் வைத்தார். நலமாக இருந்த காலத்தில் ராஸ் லேகாக்கின் எடை அது என்றே பெரும்பாலோர் பொருள்கொள்கிறார்கள். ஆள்கள் எடுக்க எடுக்கக் குவியல் இளைக்கிறது. ராஸின் உடலும் நோயில் அப்படித்தான் இளைத்தது. கலைக்கூடத்தார் மீண்டும் மிட்டாயைக் கொண்டுவந்து கொட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ராஸ் 1991 ஜனவரியில் இறந்தார். ஃபெலிக்ஸும் அதே நோயால் 1996 ஜனவரியில், 38ஆம் வயதில் இறந்தார்.

அந்த நாள்களில் எய்ட்ஸ் நோயாளி குடித்த டம்ளரைத் தொடுவதற்கே ஆள்கள் பயந்தார்கள். மருத்துவமனைகளில் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் தன் துணைவரின் உடலுக்குச் சமமான இனிப்பைக் கொட்டி, எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். கத்தோலிக்க வழிபாட்டை அறிந்தவர்களுக்கு நற்கருணை நினைவுக்கு வரும். இவ்வளவும் ராஸ் என்ற பெயர் தெரிந்தால்தான் நடக்கிறது. தெரியாவிட்டால் அது இலவச மிட்டாய். அப்போதும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே இறந்துபோன ஒருவர் இருக்க மாட்டார்.

இதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. 2022இல் அதே கலைக்கூடத்தில் அந்தச் சுவர்க் குறிப்பு மாற்றி எழுதப்பட்டிருந்தது. ராஸும் இல்லை, எய்ட்ஸும் இல்லை, படைப்பின் அமைப்பைப் பற்றிய பொதுவான வரிகள் மட்டுமே இருந்தன. பார்வையாளர்கள் கவனித்தார்கள், எழுதினார்கள், எதிர்ப்புக் கிளம்பியது. கலைக்கூடம் குறிப்பைத் திருத்தி ராஸைத் திரும்பக் கொண்டுவந்தது. நீங்கள் படித்த வரி கேட்டு வாங்கப்பட்ட வரி. இறந்தவரின் பெயரை அவருக்காகவே எழுப்பப்பட்ட நினைவிடத்திலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்பதே அன்று கேட்டவர்களின் கேள்வி. நானும் அவர்கள் பக்கம்தான்.

‘சொந்த விஷயம் அல்லவா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் அவர்களும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜார்ஜியா மாநில வழக்கு ஒன்றில், வயதுவந்த இரண்டு ஆண்கள் தங்கள் படுக்கையறையில் சேர்ந்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு காவலர் வீட்டுக்குள் வந்து பார்த்ததில் தொடங்கிய வழக்கு அது. அந்தரங்கம் என்பது மற்றவர்களுக்கு உண்டு, இவர்களுக்கு இல்லை என்றே அதற்கு அர்த்தம். 2003இல்தான் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்லி நீக்கியது. 2018 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்பு எழுதியபோது அந்த 2003 தீர்ப்பையும் எடுத்துப் பேசியிருக்கிறது.

அந்த 1986 தீர்ப்புக்கு ஃபெலிக்ஸ் தந்த பதிலை 1992இல் நியூயார்க் நகரம் பார்த்தது. விளம்பரப் பலகைகளில் ஒரு புகைப்படம் ஒட்டப்பட்டது, நகரெங்கும் 24 இடங்களில். கலைந்த வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், இரண்டு தலையணைகள், இரண்டிலும் தலை அழுந்திய குழி. ஆளில்லை, எழுத்தில்லை, எதை விற்கிறது என்றும் தெரியாது. பேருந்துக்குக் காத்திருந்தவர், கடைக்குப் போனவர், எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாருடைய கட்டில் என்று கேட்டால் உங்களுடையதாகவும் இருக்கலாம், என்னுடையதாகவும் இருக்கலாம். படுக்கையறைக்குள் அரசு நுழையலாம் என்றால், படுக்கையைத் தெருவுக்கே கொண்டுவருகிறேன் என்று அவர் சொல்வதுபோல் இருந்தது. துணையை இழந்தவர்கள் யாரும் அந்தப் படத்தை நெடுநேரம் பார்க்க முடியாது.

ஆபாசம் என்று யாரும் விரல் நீட்ட முடியாதபடி இவ்வளவு சுத்தமாக அவர் செய்ததற்கும் காரணம் இருந்தது. 1980களின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் போன்றவர்கள் தன்பாலீர்ப்பைக் காட்டும் கலைக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள். 1989இல் ராபர்ட் மேப்பிள்தார்ப்பின் புகைப்படக் கண்காட்சி வாஷிங்டனில் ரத்தானது. இந்தச் சூழலில் ஃபெலிக்ஸ் ஒரே மாதிரியான இரண்டு சுவர்க் கடிகாரங்களை ஒட்டினாற்போல் மாட்டினார். இரண்டிலும் ஒரே நேரம் வைத்து ஓடவிட்டால், மின்கலம் தீரத் தீர ஒன்று பின்தங்கும். ‘நிறைவான காதலர்கள்’ என்று பெயர். இதைக் காட்டி எந்த அரசியல்வாதி தன் வாக்காளர்களைக் கோபப்படுத்த முடியும் என்று அவரே நேர்காணலில் கேட்டிருக்கிறார். வைரஸ் போல நிறுவனங்களுக்குள் புகுந்து அங்கேயே பெருக வேண்டும் என்றும் சொன்னார், தன் உடம்பில் அதே வைரஸை வைத்துக்கொண்டு.

லத்தீன் கலைஞன் என்றால் பளிச்சென்ற வண்ணமும் நாட்டுப்புறக் கோலாகலமும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. 1957இல் கியூபாவின் குவாய்மாரோ ஊரில் பிறந்து, சிறுவனாக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டு, புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்து, 1979இல் நியூயார்க் வந்தவர். தன்மேல் அந்த ஒட்டுச்சீட்டை ஒட்டிக்கொள்ள அவர் இசையவில்லை. ஆகவே உங்கள் மூன்றாவது கேள்வியில் அவர் உங்களோடு நிற்பார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவரை மட்டும் வைத்து இதை முடிக்க முடியாது. அவருக்கு நேர்மாறான வழியில் போனவர்கள் பலர், அவர்களைப் பார்க்காமல் வகை உண்டா இல்லையா என்று பேசுவது நியாயமாகாது.

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் என்பது மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி. தங்களைச் சிக்கானோ என்று அழைத்துக்கொண்ட அங்குள்ள இளைஞர்கள் 1960களின் இறுதியில் உரிமைக்காகத் திரண்டார்கள். சுவரெங்கும் ஓவியங்கள் முளைத்தன: உழவர் தலைவர் சேசர் சாவேஸ், புரட்சிக்காரர் சபாத்தா, குவாதலூப்பே அன்னை. அந்தச் சுவர்களில் மீசை வைத்த வீரனுக்கு இடமிருந்தது, அவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இடமிருந்தது, குடும்பத்துக்குப் பெரிய இடம் இருந்தது. இன்னோர் ஆணை நேசித்த பையனுக்கு இடமில்லை. அவன் நகரத்தின் மேற்குப் பக்கம் போனால் அங்கே வெள்ளையர்களின் மதுக்கூடங்கள். அங்கே அவன் மெக்சிகோக்காரன்.

1955இல் பிறந்த ஜோயி டெரில் அந்தப் பையன்களில் ஒருவர். தெருவில் இப்படிப்பட்டவர்கள்மேல் எறியப்படும் ஸ்பானிய வசவுச் சொல்லை 1970களின் நடுவில் அவர் பனியன்களில் அச்சடித்து, நண்பர்களோடு போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார். 1978, 79இல் ‘ஹோம்பாய் பியூட்டிஃபுல்’ என்று கையால் செய்த இதழ் இரண்டு வெளியிட்டார். வீட்டு அலங்காரப் பத்திரிகையின் பாவனையில், புகைப்படக் கதைகளோடு, பேட்டைப் பையன்களின் மறைவான வாழ்வைச் சொன்ன இதழ் அது. நண்பர்களையே நடிக்க வைத்தார். இதைக் கேலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சுவர் ஓவியத்தில் இடம் கொடுக்காதவர்களின் வீட்டுக் கூடத்தையும் சட்டை மடிப்பையும் பேச்சையும் அப்படியே எடுத்து, நாங்களும் இந்தத் தெருவில்தான் இருக்கிறோம் என்று காட்டுகிற பிடிவாதம் அதில் இருக்கிறது.

பின்னாளில் டெரிலுக்கு எச்.ஐ.வி. தொற்று வந்தது. 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்ததால் பிழைத்த தலைமுறையில் அவரும் ஒருவர். அதன் பிறகு அவர் வரையத் தொடங்கிய சமையல் மேசை ஓவியங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. மெக்சிகோப் போர்வை விரித்த மேசை, பழங்கள், குளிர்பானம், ரொட்டி, பூச்சாடி. நடுவே அன்றாடம் விழுங்க வேண்டிய ட்ருவாடா போன்ற மாத்திரைகள், பழங்களுக்குச் சமமான கவனத்தோடு, அதே பளபளப்பில். நோயை மருத்துவமனையிலிருந்து எடுத்து அம்மாவின் சமையலறையில் வைத்துவிட்டார். பயமுறுத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

இங்கே எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். தன்பாலீர்ப்பைப் பற்றிய அமெரிக்கக் கதைகளில் வீட்டைவிட்டுக் கிளம்புவது பெரிய கட்டம். சிறு ஊரிலிருந்து பையன் பேருந்தேறி நகரத்துக்குப் போகிறான், அங்கே விடுதலை. இந்த லத்தினோ கலைஞர்களின் படைப்புகளில் பேருந்து வருவதே குறைவு. அவர்கள் வீட்டிலேயே நின்று பேசுகிறார்கள். அம்மா, அப்பா, மாதா படம், பேட்டை, கொடி ஆகிய எதையும் விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. அவற்றையே எடுத்துக் கலை செய்கிறார்கள். வெளியே போ என்பவர்களிடம், இதுவும் என் வீடுதான் என்கிறார்கள். உங்கள் மகள் சொன்ன ‘தனியாக ஒன்று’ இருக்கிறதென்றால் அது இதுதான் என்பேன்.

மெக்சிகோவின் நாஹும் செனிலைப் பாருங்கள். 1947இல் வெராக்ரூஸ் மாநிலத்தில் சிக்கோன்தெப்பெக் என்ற ஊரில் பிறந்தவர், உங்களைப் போலவே பள்ளி ஆசிரியராக இருந்தவர். மெக்சிகோவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பிள்ளை நோயிலிருந்து எழுந்தால், விபத்திலிருந்து தப்பினால், அந்தக் காட்சியைச் சிறு தகரத் தகட்டில் வரைந்து, கீழே நன்றி வாசகம் எழுதி, கோவிலில் மாட்டிவிடுவார்கள். வேளாங்கண்ணியில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் வெள்ளியில் கை, கால், தொட்டில் செய்து வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மனம்தான் இது. செனில் அந்த வடிவத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டார். நோயாளிக்குப் பதில் தானும் தன் துணைவரும். மேலே குவாதலூப்பே அன்னை, கீழே நன்றி வாசகம். கிடைத்த துணைக்காக மாதாவுக்கு நன்றி சொல்கிறார். கேலி துளியும் இல்லை. நம்பிக்கையுள்ளவன் மட்டுமே வரையக்கூடிய படம் அது. அவருடைய ஓவியங்களில் பெரும்பாலான முகங்கள் அவர் முகமே: மணப்பெண்ணாகவும், புனிதராகவும், கொடியில் சுற்றப்பட்டவராகவும். நாட்டின் ஒவ்வோர் உருவத்துக்குள்ளும் போய் உட்கார்ந்து பார்க்கிறார்.

நாட்டின் உருவத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை அதே மெக்சிகோவில் 2019 டிசம்பரில் எல்லாரும் பார்த்தார்கள். சபாத்தா கொல்லப்பட்ட நூறாவது ஆண்டுக்காகத் தலைநகரின் பெல்லாஸ் ஆர்ட்டெஸ் மாளிகையில் கண்காட்சி. அதில் சியாப்பாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஃபாபியன் சாய்ரெஸ் 2014இல் வரைந்த சிறிய ஓவியம் ஒன்றும் இருந்தது. குதிரைமேல் ஆடையில்லாத சபாத்தா, தலையில் இளஞ்சிவப்புத் தொப்பி, காலில் துப்பாக்கி வடிவக் குதிகால் செருப்பு. உழவர் அமைப்பினர் மாளிகைக்குள் புகுந்து, ஓவியத்தை ஆதரித்து வந்தவர்களை அடித்தார்கள். சபாத்தாவின் குடும்பத்தார் வழக்குப் போடுவோம் என்றார்கள். கடைசியில் ஓவியம் சுவரிலேயே இருந்தது. குடும்பத்தாருக்கு இதில் உடன்பாடில்லை என்ற குறிப்பு பக்கத்தில் வைக்கப்பட்டது, விளம்பரங்களிலிருந்து படம் நீக்கப்பட்டது. நிலத்துக்காகச் செத்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு அது வலித்திருக்கும், அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பெண்ணைப் போல் தோன்றுவதே ஓர் ஆணுக்கு அவமானம் என்ற எண்ணம் அந்தக் கோபத்துக்குள் இருந்தது. ஓவியம் கேள்வி கேட்டது அந்த எண்ணத்தைத்தான்.

சிலியில் விலை இன்னும் அதிகம். 1973 முதல் 1990 வரை பினோசேயின் ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். பெத்ரோ லெமெபெல் என்ற எழுத்தாளர் 1986இல் சாந்தியாகோவின் மப்போச்சோ ரயில் நிலையத்தில் இடதுசாரிகள் கூடிய நிகழ்ச்சி ஒன்றுக்குக் குதிகால் செருப்போடு போனார். முகத்தில் அரிவாள் சுத்தியல் வரைந்திருந்தார். வரப்போகும் புரட்சியில் தன்னைப் போன்ற ஏழைத் தன்பாலீர்ப்பாளனுக்கு இடமுண்டா என்று தன் அறிக்கையை வாசித்தார். சர்வாதிகாரியைத் திட்ட எல்லாருக்கும் துணை இருந்தது. தோழர்களைப் பார்த்துக் கேட்க அவர் தனியாகப் போனார்.

மறு ஆண்டு பிரான்சிஸ்கோ காசாஸும் அவரும் ‘பேரழிவின் பெண்குதிரைகள்’ என்ற பெயரில் இணைந்தார்கள். 1989 அக்டோபர் 12, கொலம்பஸ் வந்திறங்கிய நாள். சிலி மனித உரிமை ஆணையக் கட்டடத்தில் தரையில் தென் அமெரிக்க வரைபடத்தை விரித்து, அதன்மேல் கோகோ கோலா பாட்டில்களை உடைத்துப் போட்டு, இருவரும் வெறுங்காலோடு குவேக்கா ஆடினார்கள். குவேக்கா சிலியின் தேசிய நடனம், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது. ஆட்சியாளர்கள் 1979இல் சட்டம் போட்டு அதைத் தேசிய நடனமாக்கினார்கள். கணவனையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள் அதையே துணையில்லாமல் தனியாக ஆடி ஆட்சியை எதிர்த்தார்கள். இந்த இரு ஆண்களும் அந்தப் பெண்களின் துயரத்தோடு தங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இசை பார்வையாளர்களுக்குக் கேட்கவில்லை. மார்பில் கட்டியிருந்த சிறு ஒலிக்கருவியிலிருந்து ஆடியவர்கள் காதுக்கு மட்டும் போனது. பார்த்தவர்களுக்குக் கேட்டது காலடியும் கண்ணாடி நொறுங்கும் ஓசையும். வரைபடத்தில் ரத்தம் படிந்தது. இருபதாம் நூற்றாண்டின் நிகழ்த்துகலையில் இதற்கு இணையாக நான் வைக்கக்கூடியவை மிகச் சில.

எல்லாரும் இப்படி நெருப்போடு வந்தவர்கள் அல்லர், சிரிப்போடு வந்தவர்களும் உண்டு. ரே நவார்ரோ கலிபோர்னியாவில் பிறந்து நியூயார்க்கில் எய்ட்ஸ் போராட்டக் குழுவோடு இயங்கியவர். 1989 டிசம்பரில் புனித பேட்ரிக் தேவாலயத்துக்கு முன் நடந்த மறியலுக்கு ஏசு வேடத்தில் வந்து, கையில் ஒலிவாங்கியோடு தொலைக்காட்சி நிருபர் போலப் பேசினார். அடுத்த ஆண்டே நோய் அவர் பார்வையைப் பறித்தது. பார்க்க முடியாத நிலையில் அவர் ஒரு புகைப்பட வரிசையைத் திட்டமிட்டார்: சக்கர நாற்காலி, நடைச்சட்டம், ஊன்றுகோல். கீழே காமம் தொனிக்கும் குறுவரிகள். எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, தோழி ஸோயி லெனார்ட் உதவினார். சாகக் கிடப்பவனுக்கும் ஆசை உண்டு என்கிற படங்கள் அவை. 1990இல், 26ஆம் வயதில் இறந்தார். கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அவருடைய அம்மா. மகனின் போராட்டத்தை அந்த அம்மாவும் கையில் எடுத்துக்கொண்டார்.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. அன்று பல குடும்பங்கள் பிள்ளை எதனால் இறந்தான் என்பதையே மறைத்தன. அறையைக் காலி செய்தபோது ஓவியங்களும் கடிதங்களும் குப்பைக்குப் போயின. திஹுவானாவில் பிறந்து கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த முண்டோ மேசா 1985இல் 29 வயதில் இறந்தபோது அவருடைய ஓவியங்களில் பெரும்பகுதி சிதறிப்போனது. கடைகளின் காட்சிச் சன்னல்களை அலங்கரித்துப் பிழைத்தவர், தெருவிலும் பூங்காவிலும் நண்பர்களோடு நாடகம் போட்டவர். 2017இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒன்டீன் சாவோயா, டேவிட் ஃபிரான்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ‘ஆக்சிஸ் முண்டோ’ என்று அவர் பெயரைப் போட்டே பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தினார்கள். நண்பர்களின் பெட்டிகள், அஞ்சலில் அனுப்பிய சித்திரங்கள், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றிலிருந்து ஒரு தலைமுறையையே மீட்டெடுத்த வேலை அது. டெடி சாண்டோவல் என்ற இன்னொருவர் ஒரு மதுக்கூடத்தின் பெயரில் இல்லாத கலைப்பள்ளியைக் கற்பனை செய்து, அதன் பேரில் படைப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தவர். 1995இல் இறந்தார். அவர் படைப்புகளைத் திரும்பிப் பார்க்கும் அருங்காட்சியகக் கண்காட்சி 2023இல்தான் வந்தது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பிரிப்பது சரியா? மேசாவைப் போன்றவரைப் பொதுவான அமெரிக்கக் கலை வரலாற்றில் தேடினால் கிடைக்க மாட்டார், ஏனென்றால் அவர் மெக்சிகோக்காரர். சிக்கானோ வரலாற்றில் தேடினாலும் வெகுநாள் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் தன்பாலீர்ப்பாளர். தன்பாலீர்ப்பாளர்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ வெள்ளையர்களைப் பற்றி எழுதினார்கள். மூன்று கதவும் சாத்தியிருந்ததால்தான் நான்காவதாக ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயர் தேடுவதற்கான வழி. தேடிக் கிடைத்த பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் படைப்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஃபெலிக்ஸையும் லெமெபெலையும் ஒரே அறையில் மாட்டிவிட்டு இவர்கள் ஒரே இனம் என்று சொல்கிற கண்காட்சிகள் எனக்கும் ஒப்புதல் இல்லாதவை. ஒருவர் கடிகாரத்தில் சொன்னதை மற்றவர் ரத்தத்தில் சொன்னார். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் அவர்கள் நின்ற இடம்.

இன்றும் இது முடிந்த கதை இல்லை. 2015 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில், 1970 முதல் இயங்கும் லத்தினோ கலைக்கூடமான கலேரியா தெ லா ராசாவின் வெளிச்சுவரில் ஒரு படம் வைத்தார்கள். மனுவேல் பால் செய்தது. பேட்டை இளைஞர்களின் உடையில் இரண்டு ஆண்கள் அணைத்தபடி, இரண்டு பெண்கள் அணைத்தபடி, நடுவில் ஒரு திருநம்பி. ‘என்றென்றும்’ என்று பொருள்படும் தலைப்பு. யாரோ மை பூசினார்கள், கலைக்கூடத்தார் சரிசெய்து வைத்தார்கள், மறுபடி மை பூசப்பட்டது. ஒருபாலினத் திருமணத்தை நாடெங்கும் ஏற்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஜூன் 26க்கு மூன்று நாள் கழித்து யாரோ அதற்குத் தீ வைத்தார்கள். பக்கத்து மக்கள் கூடினார்கள். படம் திரும்ப வைக்கப்பட்டது.

ராஃபா எஸ்பார்ஸாவின் செங்கல்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1981இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். அவருடைய அப்பா மெக்சிகோவின் துராங்கோ மாநிலத்தில் மண், வைக்கோல், குதிரைச் சாணம் குழைத்துச் சுடாத செங்கல் அறுத்தவர். மகன் தன்னைப் பற்றி வீட்டில் சொன்ன பிறகு அப்பாவுக்கும் அவனுக்கும் இடையே பேச்சு முறிந்தது. சில காலம் கழித்து மகன் போய், செங்கல் அறுக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டான். இருவரும் சேற்றில் இறங்கினார்கள். மன்னிப்பு, விளக்கம் எதற்கும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வைக்கோல் என்று பேசினால் போதும். அந்தச் செங்கல்களைக் கொண்டு எஸ்பார்ஸா 2017இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குள் ஒரு மண் அறையையே கட்டினார். வெள்ளைச் சுவர்களை மறைத்த அந்த அறைக்குள் மற்றக் கலைஞர்களையும் அழைத்து அவர்கள் படைப்புகளுக்கு இடம் கொடுத்தார்.

மறுமுறை சிகாகோ போனால் பில்சன் பகுதியில் இருக்கும் தேசிய மெக்சிகோக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. இலையுதிர் காலமென்றால் இறந்தோர் திருநாளுக்கான படையல் மேடைகளைப் பார்க்கலாம், செனில் எங்கிருந்து பேசுகிறார் என்பது அங்கே புரியும்.

அதற்கு முன் வீட்டிலேயே பார்க்க ஒரு படம் சொல்கிறேன். ‘ஸ்ட்ராபெரியும் சாக்லேட்டும்’, 1993இல் தோமாஸ் குத்தியேரெஸ் அலேயாவும் ஹுவான் கார்லோஸ் தாபியோவும் இயக்கிய கியூபப் படம். ஹவானாவின் புகழ்பெற்ற ஐஸ்கிரீம் கடையில் தொடங்குகிறது. தன்பாலீர்ப்பாளனான தியேகோவுக்கும் கட்சி விசுவாசியான மாணவன் தாவீதுக்கும் இடையே மெல்ல வளரும் நட்பே கதை. 1960களில் தன்பாலீர்ப்பாளர்களை உழைப்பு முகாம்களில் அடைத்த நாடு அது. மேலே நான் சொன்ன கலைஞர்களைப் போலவே தியேகோவும் போக விரும்பாதவன், தன் ஊரின் இடிந்த மாடங்களையும் பழைய பாட்டுகளையும் உயிராக நேசிப்பவன். ஆனால் அவன் போகத்தான் வேண்டியிருக்கிறது. திரையரங்குகளில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப்பட்ட அந்தப் படத்தைக் கியூபாவின் அரசுத் தொலைக்காட்சி 2007இல்தான் முதன்முறையாக ஒளிபரப்பியது.